பிஜி7, பிஜி36, விரிடியன், குரோமியம் ஆக்சைடு: அக்ரிலிக்கில் எந்தப் பச்சை எதற்கு?

கடையில் பச்சை டியூப்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தாலோ கிரீன், விரிடியன் ஹ்யூ, எமரால்டு கிரீன், சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன், பர்மனென்ட் கிரீன் லைட் என்று ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும். வாங்கி வந்து லேபிளின் பின்பக்கத்தைப் படித்தால், பல டியூப்களில் ஒரே நிறமிதான் மஞ்சளோடோ வெள்ளையோடோ சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபுறம், பேலட்டில் பிதுக்கி வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரியும் இரண்டு பச்சைகள், கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும் வேறு வேறு திசைக்குப் போய்விடும். ஒரு பச்சையின் குணம் டியூப்பின் வாயில் தெரிவதில்லை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றோடும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் தெரியும். அதை ஒரே மாலையில், சில கிராம் பெயின்ட்டில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் லேபிள்

டியூப்பில் பொடி எழுத்தில் பிஜி7, பிஜி36 என்பதுபோல் ஒரு குறி இருக்கும். பிஜி என்பது பிக்மென்ட் கிரீன். அதேபோல் பிஒய் மஞ்சள், பிபி நீலம், பிஆர் சிவப்பு, பிவி ஊதா, பிடபிள்யூ வெள்ளை, பிபிஆர் பழுப்பு. கலர் இன்டெக்ஸ் என்ற உலகப் பொதுப் பட்டியல் ஒவ்வொரு நிறமிக்கும் தந்திருக்கும் எண் இது. குறி ஒன்று மட்டும் இருந்தால் அது ஒற்றை நிறமி. இரண்டோ மூன்றோ இருந்தால் தொழிற்சாலையிலேயே கலந்து வந்தது. குறியே போடாத டியூப்பைக் கலவை வேலைக்கு வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெயின்ட்டை வைத்து அடுத்த முறையும் அதே நிறத்தைக் கொண்டுவர முடியாது.

‘ஹ்யூ’ என்ற சொல் பெயரோடு ஒட்டியிருந்தால், அந்தப் பெயருக்குரிய அசல் நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலில் வேறொன்றை வைத்துத் தயாரித்திருக்கிறார்கள் என்று பொருள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எமரால்டு கிரீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் தயாரிக்கத் தொடங்கிய அசல் எமரால்டு, செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த கடும் நஞ்சு. இன்று அந்தப் பெயரில் கிடைப்பது வேறு நிறமிகளின் கலவை. ஹூக்கர்ஸ் கிரீன், வில்லியம் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர ஓவியர் பெயரால் வந்தது. பழைய செய்முறையில் பிரஷ்யன் நீலமும் கேம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளும் இருந்தன. அக்ரிலிக் குழம்பு காரத்தன்மை உடையது. பிரஷ்யன் நீலம் காரத்தில் நிலைக்காது. ஆகவே அக்ரிலிக்கில் பழைய ஹூக்கர்ஸ் கிரீனை எதிர்பார்க்கவே வேண்டாம்.

எண்ணும் முழு உத்தரவாதம் ஆகாது. பிஜி50 என்ற ஒரே எண்ணில், கடல் நீலத்தை ஒட்டிய கோபால்ட் டீலும் வருகிறது, மஞ்சளை ஒட்டிய கோபால்ட் டைட்டனேட் பச்சையும் வருகிறது. பிவி19-உம் அப்படியே: ரோஜா நிறத்திலும் இருக்கும், ஊதாவிலும் இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குங்கள், அட்டையில் தீட்டி உறுதி செய்யுங்கள்.

சோதனை அட்டை தயாரிப்பு

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் தாள் அல்லது ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய அட்டை, பேலட் கத்தி, பழைய ஏடிஎம் கார்டு, மாஸ்கிங் டேப், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு (நகை எடை பார்க்கும் வகை விலை குறைவாகவே கிடைக்கிறது), டைட்டானியம் வெள்ளையான பிடபிள்யூ6, எலுமிச்சைச் சாய்வு மஞ்சளான பிஒய்3, ரோஜாச் சாய்வு பிவி19. எல்லாப் பச்சைகளுக்கும் இதே வெள்ளை, இதே மஞ்சள், இதே சிவப்பு. நடுவில் ஒன்றை மாற்றினால் ஒப்பீடு செல்லாது.

அட்டையின் நடுவே ஒரு விரல் அகலத்தில் கறுப்பு அக்ரிலிக் பட்டை தீட்டி, நன்றாகக் காய விடுங்கள். மார்க்கர் பேனாவைப் பயன்படுத்தாதீர்கள். பல மார்க்கர்களின் மை மேலே பூசும் அக்ரிலிக்கில் ஊறி ஏறும். பட்டைக்குக் குறுக்கே, இரண்டு அங்குல இடைவெளி விட்டு, இரண்டிரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இந்த டேப் தடிமன்தான் உங்கள் அளவுகோல். நடுவில் பெயின்ட் வைத்துக் கார்டை இரண்டு டேப்புகளின் மேலும் படியும்படி ஒரே இழுப்பில் இழுத்தால், எல்லாப் பச்சைகளும் ஒரே கனத்தில் படியும். தூரிகையில் தீட்டிய மாதிரிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. கனம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

ஒவ்வொரு பச்சைக்கும் ஐந்து மாதிரிகள் எடுங்கள்.

1. டியூப்பிலிருந்து அப்படியே, டேப் கனத்தில். கறுப்புப் பட்டை எவ்வளவு தெரிகிறது என்பதே அதன் மூடும் திறன்.

2. அதே பெயின்ட்டைக் கார்டால் அழுத்தி வழித்து, தாள் தெரியும் அளவுக்கு மெல்லியதாக. அடர்த்தியில் ஒளிந்திருந்த நீலச் சாயலோ மஞ்சள் சாயலோ இங்கேதான் வெளிப்படும்.

3. 3 கிராம் வெள்ளைக்கு 0.3 கிராம் பச்சை. பச்சையின் வலு, குளிர்ச்சி, இரண்டையும் இது காட்டும்.

4. 3 கிராம் மஞ்சளுக்கு 0.3 கிராம் பச்சை.

5. பச்சையும் பிவி19-உம், சாம்பல் அல்லது கறுப்பு வரும் புள்ளி வரை. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

ஒவ்வொன்றின் கீழும் குறி, தயாரிப்பாளர், எடை, தேதி எழுதுங்கள். ஒப்பீட்டை மறுநாள் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஈரமான அக்ரிலிக்கில் குழம்பு பால்போல் வெளுத்திருக்கும். காய்ந்ததும் அது தெளிந்து, நிறம் ஒரு படி இறங்கும். ஒளி ஊடுருவும் பச்சைகளில் இந்த இறக்கம் அதிகம், குரோமியம் ஆக்சைடு போன்ற மூடும் பச்சையில் குறைவு. ஈரத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் காய்ந்தபின் பிரிந்து நிற்பது இதனால்தான்.

பிஜி7-ஆ, பிஜி36-ஆ?

அதிகம் குழப்புவது இந்த ஜோடி. இரண்டும் தாலோசயனைன், சுருக்கமாகத் தாலோ, குடும்பம். செம்பு அணுவைச் சுற்றி அமைந்த மூலக்கூறின் விளிம்பில் 16 இடங்கள் உண்டு. அவை அநேகமாக எல்லாவற்றிலும் குளோரின் ஏறினால் பிஜி7. குளோரினில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புரோமின் ஏறினால் பிஜி36. புரோமின் கூடக்கூட நிறம் மஞ்சள் பக்கம் நகரும். அதனால்தான் முதலாவதை நீலச் சாய்வு, இரண்டாவதை மஞ்சள் சாய்வு என்று டியூப்பில் குறிக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் நீலம் 1935இலும் பிஜி7 பச்சை 1938இலும் சந்தைக்கு வந்தன. இரண்டு பச்சைகளும் வெயிலுக்கு மங்காத உயர்ந்த தரத்தைச் சேர்ந்தவை.

அடர்த்தியாகத் தீட்டினால் இரண்டும் கறுப்பை ஒட்டிய பச்சை. அருகருகே வைத்தாலும் கண் தடுமாறும். வழித்த மாதிரியைப் பாருங்கள்: பிஜி7 பாட்டில் கண்ணாடியின் குளிர்ந்த பச்சை, பிஜி36 அதைவிட வெதுவெதுப்பானது. வெள்ளை சேர்த்த மாதிரியில் பிஜி7 மயில் கழுத்தை நோக்கிப் போகும், பிஜி36 புதினாவோடு நின்றுவிடும். வலுவிலும் வேறுபாடு உண்டு. புரோமின் கனமான அணு. ஆகவே பிஜி36, அதே எடைக்குச் சற்று வலுக் குறைந்தது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். பிஜி7-இல் கடுகளவு கூடினாலே கலவை முழுவதும் தடம் மாறும், பிஜி36-இல் கை கொஞ்சம் தவறினாலும் மீட்கலாம்.

எது வேண்டும்? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிஜி7 வாங்குங்கள். அதில் ஒரு துளி பிஒய்3 சேர்த்தால் பிஜி36-க்கு மிக அருகில் வந்துவிடலாம். கடல், கண்ணாடி, மயில் கழுத்து, கறுப்பு எல்லாவற்றுக்கும் அதே டியூப் உதவும். வயலும் தோப்பும் மட்டுமே தீட்டுபவர் என்றால் பிஜி36 போதும், கையும் குறைவாகத் தவறும். இரண்டையும் சேர்த்து வாங்குவது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. அந்தப் பணத்துக்கு இன்னொரு மஞ்சள் வாங்கினால் பச்சைகள் பெருகும்.

விரிடியன், குரோமியம் ஆக்சைடு, கோபால்ட்

விரிடியன் என்பது பிஜி18, நீரேறிய குரோமியம் ஆக்சைடு. 1838இல் பாரிஸில் பானெத்தியே என்ற வண்ணத் தயாரிப்பாளர் ரகசியமாகத் தயாரித்தார். 1859இல் கின்யே என்ற வேதியியலாளர் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் இன்றும் அருமையான நிறமி. ஒளி ஊடுருவும், வலுக் குறைவு, எதையும் அடக்கி ஆளாது. அக்ரிலிக்கில் அசல் விரிடியன் அரிது. விரிடியன் ஹ்யூ என்று கிடைப்பதில் பெரும்பாலும் பிஜி7 இருக்கும். எண்ணெய் வண்ணத்துக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து, “விரிடியன் ஒரு பங்கு, மஞ்சள் ஒரு பங்கு” என்று அக்ரிலிக் ஹ்யூவில் கலந்தால் மஞ்சள் இருந்த இடமே தெரியாது. அப்படிப்பட்ட குறிப்புகளில் பச்சையின் அளவைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள், பிறகு கூட்டுங்கள்.

பிஜி17, குரோமியம் ஆக்சைடு, இதற்கு நேரெதிர். நீரேறாத அதே உலோக ஆக்சைடு, ஆனால் நன்கு மூடும், மங்கிய பாசிப் பச்சை, வெயில், காரம், அமிலம் எதற்கும் அசையாது. அகச்சிவப்பு ஒளியில் இலைகள்போலவே பிரதிபலிப்பதால் ராணுவ மறைப்பு வண்ணங்களில் இதைச் சேர்க்கிறார்கள். டியூப்பிலிருந்து பார்க்கையில் உயிரற்றதாகத் தோன்றும், பலர் ஒதுக்கிவிடுவார்கள். அது தவறு. நிலக்காட்சியில் நடுத்தூர மரங்களுக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. தாலோவில் வரும் கண்கூச்சம் இதில் இல்லை. தவறாகத் தீட்டியதை ஒரே பூச்சில் மூடவும் செய்யும். இதன் மேல் பிஜி36-ஐ மெல்லிய படலமாக ஏற்றினால் மரத்துக்கு ஆழம் வரும்.

பிஜி17-இன் வலுவை அறிய ஒரு வழி. அதை வெள்ளையில் 1:10 கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிஜி7-இன் 1:10 கலவையில் வெள்ளையை 1 கிராம், 1 கிராமாகச் சேர்த்து, இரண்டும் ஒரே வெளிர்வுக்கு வரும்வரை போங்கள். நிறம் பொருந்தாது, வெளிர்வை மட்டும் பாருங்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எளிது. இரண்டிலும் பச்சை ஒரே எடை என்றால், பிஜி7 கலவையில் உள்ள மொத்த வெள்ளை பிஜி17 கலவையின் வெள்ளையைப்போல் எத்தனை மடங்கோ, தோராயமாக அத்தனை மடங்கு பிஜி7 வலுவானது. உங்கள் டியூப்களுக்கு உரிய இந்த எண்ணை அட்டையில் எழுதுங்கள். ஒரே பிஜி7 கூட மாணவர் தரத்திலும் கலைஞர் தரத்திலும் வேறு வலுவோடு வரும், நிறமி எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

கோபால்ட் பச்சைகள் விலை கூடியவை, வலுக் குறைந்தவை. பிஜி50-இன் டீல், வெள்ளையே சேர்க்காமல் வெளிர்ந்து, அதே நேரம் துல்லியமாக நிற்கும். பிஜி7-இல் வெள்ளை சேர்த்து அருகே போகலாம், ஆனால் கொஞ்சம் சுண்ணாம்புத்தன்மை வரும். கடலோரக் காட்சி அதிகம் தீட்டுபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவசியமில்லை.

டெர் வெர்ட் என்ற பச்சை மண் பிஜி23. மிக மெலிந்த நிறமி. அக்ரிலிக்கில் பல நிறுவனங்கள் ஹ்யூவாகத்தான் தருகின்றன.

மஞ்சள் ஏணி

இலைப் பச்சையின் உயிர் மஞ்சளில் இருக்கிறது. பச்சையை எடுத்து மஞ்சள் சேர்க்காதீர்கள். மஞ்சளை எடுத்துப் பச்சை சேர்க்கவும். தாலோவை மஞ்சளால் திருப்ப முயன்றால் டியூப் மஞ்சள் முழுதும் கரைந்துபோகும்.

ஒரு மூடியில் 4 கிராம் பிஒய்3 எடுங்கள். பிஜி7-ஐ இப்படி ஏற்றுங்கள்: முதலில் 0.1 கிராம், அது 40:1. அதிலிருந்து பயறு அளவு எடுத்துத் தீட்டிவிட்டு, மேலும் 0.1 சேருங்கள், 20:1. பிறகு 0.2 சேர்த்தால் 10:1. 0.4 சேர்த்தால் 5:1. 1.2 சேர்த்தால் 2:1. ஒவ்வொரு முறையும் மாதிரிக்கு எடுக்கும் அளவு சிறிதாக இருந்தால் கணக்குப் பெரிதாகப் பிசகாது. 40:1இல் எலுமிச்சைப் பச்சை, 20:1இல் கிளிப்பச்சை, 10:1இல் வாழையிலைப் பச்சை, 5:1இல் ராமர் பச்சையின் திசை, 2:1இல் மஞ்சள் இருப்பதே மறந்துபோகும் என்ற வரிசையில் பார்ப்பீர்கள். டியூப்பின் வலுவுக்கேற்ப ஒரு படி முன்பின் இருக்கலாம். பிஜி36-க்கும் இதே ஏணி போட்டு அருகில் வையுங்கள். பிஜி7-இன் 20:1, பிஜி36-இல் எந்தப் படிக்குச் சமமாகிறது என்று தேடுங்கள். இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் அளவு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மஞ்சளை மாற்றினால் கதையே மாறும். பிஒய்3 பச்சைச் சாய்வுள்ளது, கூர்மையான தளிர் நிறம் தரும். பிஒய்74 நடு மஞ்சள், சற்றே இயல்பான புல். பிஒய்35 காட்மியம் மூடும் தன்மை உடையது, கனமான பச்சை. பிஒய்43 அல்லது பிஒய்42, அதாவது மஞ்சள் ஓக்கர், மங்கிய பாசி நிறம். பிஒய்150 நிக்கல் அசோ மஞ்சள் ஒளி ஊடுருவும், அடர்த்தியில் பழுப்பாகவும் மெல்லியதாகப் பொன்னாகவும் தெரியும். இதோடு பிஜி7-ஐச் சேர்த்தால் சாப் கிரீன் டியூப்புக்கு மாற்று. பிஜி36-ஐச் சேர்த்தால் கிரீன் கோல்டு. சாப் கிரீன் ஒரு காலத்தில் பக்தார்ன் என்ற புதரின் கனிச்சாற்றிலிருந்து எடுத்த, விரைவில் மங்கும் சாயம். இன்றைய டியூப் கலவைதான் என்பதால், கையிலேயே கலந்துகொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

பச்சை டியூப்பே இல்லாமல் பிபி15:3 தாலோ நீலத்தையும் பிஒய்3-ஐயும் கலந்தும் நல்ல இலைப் பச்சை வரும். மஞ்சள் நிறைந்த பக்கத்தில் இந்தக் கலவைக்கும் பிஜி7 கலவைக்கும் வேறுபாடு சொற்பம். நீலத்தை நெருங்க நெருங்கத்தான் பிஜி7-இன் துலக்கம் தனித்துத் தெரியும். மஞ்சளோடு கறுப்பு சேர்த்தாலும் ஆலிவ் பச்சை கிடைக்கும். அடிமரத்துப் பாசிக்கு அதுவே போதுமானது.

சிவப்பால் அடக்குதல்

இயற்கையில் தாலோவின் கண்கூச்சம் கிடையாது. தீட்டிய தோப்பு பிளாஸ்டிக் பூச்செடிபோலத் தெரிந்தால், சிவப்பு போதவில்லை என்பதே காரணம். வெள்ளையோ கறுப்போ சேர்த்து அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். வெள்ளை சேர்ந்தால் ஆஸ்பத்திரிச் சுவர் நிறமாகும்.

ஐந்தாவது மாதிரிக்கு வருவோம். 1 கிராம் பிஜி7-இல் ரோஜாச் சாய்வு பிவி19-ஐ 0.2 கிராம் வீதம் சேருங்கள். ஒவ்வொரு படியிலும் ஊசிமுனை அளவு எடுத்து வெள்ளையில் இழுத்துப் பாருங்கள். அடர்த்தியில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெள்ளைதான் சொல்லும். பச்சை தெரிந்தால் இன்னும் சிவப்பு. ஊதா தெரிந்தால் கடந்துவிட்டீர்கள், சிறிது பச்சை. தாலோ வலுவானது என்பதால் சிவப்பு பச்சையைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். நடுநிலைப் புள்ளியில் கிடைப்பது டியூப் கறுப்பைவிட ஆழமான, ஒளி ஊடுருவும் கறுப்பு. தோப்புக்குள் இருக்கும் இருட்டுக்கு இதைவிட உகந்தது இல்லை.

பிஜி36 மஞ்சள் பக்கம் இருப்பதால் அதற்கு எதிர்நிறமும் ஊதா பக்கம் நகர வேண்டும். பிஆர்122 மெஜந்தாவில் சோதித்துப் பாருங்கள். பிஜி17-க்கு பிவி19-இன் ஊதாச் சாய்வு. முழுச் சாம்பல் தேவையில்லை, இலையைச் சற்றுத் தணித்தால் போதும் என்கிறபோது பர்ன்ட் சியன்னா, பிபிஆர்7, கையடக்கமான கருவி. பிஜி7-உம் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கருத்த ஆலிவிலிருந்து செம்பழுப்பு வரை ஒரு முழு வரிசை கிடைக்கும். காட்மியம் சிவப்பு மூடும் தன்மை உடையது. ஒளி ஊடுருவும் பச்சையோடு சேரும்போது சேற்றுத்தன்மை வரும். நிழலுக்கு அது வேண்டாம், வெயில் பட்ட மண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில இலைகள், சில அளவுகள்

எடை அளவுகள் தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் ஏணி அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால்: பிஒய்3 10 பங்கு, பிஜி36 அரைப் பங்கு, வெள்ளை 1 பங்கு. வெள்ளையை இதற்கு மேல் கூட்டினால் வெயில் போய்விடும். இன்னும் வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளையை முதலில் அடியில் தீட்டிக் காயவிட்டு, மேலே மஞ்சள் பச்சையைப் படலமாக ஏற்றுங்கள்.

வெயில் ஊடுருவும் வாழைக் குருத்து: கலந்து தீட்டினால் வராது. பிஒய்3-உம் வெள்ளையும் 3:1 தீட்டிக் காயவிடுங்கள். பிறகு கிளேசிங் மீடியம் (நிறத்தை மெல்லிய படலமாக்க உதவும் நிறமற்ற அக்ரிலிக் திரவம்) 10 பங்கில் பிஜி36 அரைப் பங்கும் பிஒய்150 1 பங்கும் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு. ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் அடுத்தது. மீடியத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பிணைப்புப் பிசின் மெலிந்து, நிறமி திட்டுத்திட்டாக நிற்கும்.

முற்றிய மாவிலை: பிஒய்74 4 பங்கு, பிஜி7 1 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு. மாவிலையின் மேற்பரப்பு பளபளப்பு உடையது, வானத்தைப் பிரதிபலிக்கும். அந்த மினுக்கத்தைப் பச்சையை வெளுக்க வைத்துக் காட்டக் கூடாது. வெள்ளையில் ஒரு துளி நீலமும் ஒரு துளி இலை நிறமும் கலந்து தனியாக வைக்கவும்.

வேப்பந்தளிர்: செம்பு கலந்த நிறம். பிஒய்150 3 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு, பிவி19 கால் பங்கு. பச்சை ஒரு சொட்டுப் போதும். தளிர் என்றாலே இளம்பச்சை என்று கை பழகிவிட்டது, மரத்தைப் பார்த்தால் அப்படி இருக்காது.

தூரத்து மலைக்காடு: பிஜி17 2 பங்கு, வெள்ளை 3 பங்கு, அல்ட்ராமரின் நீலம் பிபி29 1 பங்கு. தாலோவைத் தூரத்தில் வைத்தால் மலை முன்னே குதித்து வந்து நிற்கும்.

பிசகுகள்

நேற்றுக் கலந்ததோடு இன்று கலந்தது பொருந்தவில்லை என்றால், ஈரமான கலவையைக் காய்ந்த படத்தோடு ஒப்பிட்டிருப்பீர்கள். தெளிந்த பிளாஸ்டிக் தாளில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, தாளைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தும்வரை படத்தில் கை வைக்க வேண்டாம். பெரிய படத்துக்கு முதன்மைப் பச்சையை 50 கிராம் ஒரே தடவையில் கலந்து, காற்றுப் புகாத சிறு டப்பாவில் வைப்பது இன்னும் நல்லது. டப்பா நிறைந்திருக்கட்டும், மேலே காற்றுக்கு இடம் இருந்தால் ஆடை படியும்.

டியூப் லைட்டில் ஒன்றாக இருந்த இரண்டு பச்சைகள் வெயிலில் வேறாகத் தெரிந்தால், நிறமிகள் வேறு என்பதே காரணம். வேறு வேறு நிறமிகள் ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்பி அனுப்பும், ஒரு விளக்கில் மட்டும் தற்செயலாக ஒத்துப்போகும். ஒரு படத்தின் ஒரே தோப்பை பிஜி7 கலவையிலும் பிபி15:3 கலவையிலும் மாற்றி மாற்றித் தீட்டாதீர்கள்.

பூச்சில் திடீரென்று அடர்பச்சைக் கோடு ஓடினால் பேலட்டில் தாலோ முழுதும் கரையவில்லை. கட்டி ஒன்று கத்திக்கு அடியில் தங்கியிருக்கும். கலவையைத் தட்டையாகப் பரப்பி, மடித்து, மறுபடி பரப்புங்கள், நான்கைந்து முறை. தூரிகையால் கலக்கினாலும் இது நேரும், கூடவே தாலோ மயிரின் அடியில், உலோக வளையத்துக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். கழுவி வெள்ளையில் தொட்டால்தான் வெளியே வரும். தாலோவுக்கு ஒரு தூரிகையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். கை, மேசை, பிளாஸ்டிக் பேலட் எல்லாவற்றிலும் அது கறை பிடிக்கும். காய்ந்த அக்ரிலிக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இளக்கும், அதன்பின்னும் எஞ்சும் கறை போகாது.

வெக்கையிலும் மின்விசிறிக் காற்றிலும் கலவை பேலட்டிலேயே தோல் கட்டும். தட்டில் நனைந்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங் தாள், அதன் மேல் பெயின்ட் என்று வைத்தால் பல மணி நேரம் தாங்கும். காய்வதைத் தாமதமாக்கும் ரிட்டார்டர் சேர்ப்பதானால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். கூடிப்போனால் படலம் நாள் கணக்கில் பிசுபிசுக்கும், மேலே ஏற்றும் பூச்சு அதைக் கிளறிவிடும்.

குரோமியம், கோபால்ட் பச்சைகளைக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் ஸ்ப்ரே செய்யும்போதும் முகக்கவசம் கட்டாயம். பிஜி50-இல் கோபால்ட்டோடு நிக்கலும் இருப்பது உண்டு. தூரிகை கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் இரவு முழுதும் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைப் பழைய செய்தித்தாளில் ஊற்றி உலர்த்திக் குப்பையில் சேருங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் வடிகாலில் விடுங்கள், செடிகளுக்கு வேண்டாம்.